சர் ரொனால்டு ராஸ்

உலகில் நோயைத் தீர்த்த மருத்துவர் பலர். நோய் வரும் வழியைக் கண்டறிந்தவர் சிலர். ஓர் ஊரில் புகுந்த நோய் எவ்வளவு பரவும், எந்த அளவில் நிற்கும், அதனை நிறுத்த மக்கள் எவ்வளவு முயலவேண்டும் என்று கணக்கிட்டுக் கூறியவர் மிகச் சிலரே. இம்மூன்று துறைகளிலும் ஒருங்கே உழைத்த பெரியார் ஒருவர் நம் நாட்டிலே பிறந்து, நம் நாட்டிலேயே தம் அரிய கண்டுபிடிப்பையும் செய்தார். அவரே சர் ரொனால்டு ராஸ் ஆவார்.

மலேரியாக் காய்ச்சலைக் கொசு பரப்புகின்றது என்னும் உண்மையை மெய்ப்பித்தவர் என்ற அளவில் அவருடைய பெயரை நாம் அறிவோம். எழுதுகோலும் தாளும் கொண்டு அவர் ஆற்றிய மற்றொரு தொண்டு அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை. மக்கள் நடந்துகொள்ளும் முறைக்கும் நோய் பரவும் அளவிற்கும் உள்ள தொடர்பை எண்களால் அளந்து காட்டிய தொண்டே அது. அதனையும் உளங்கொண்டு அவர்தம் வரலாற்றைக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

இமயமலைச் சாரலில் அமைந்த அல்மோரா என்னும் ஊரில் 1857ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் ராஸ் பிறந்தார். மீரட்டு நகரில் சிப்பாய்களின் கிளர்ச்சி தொடங்கி அன்றைக்கு மூன்று நாட்களே ஆகியிருந்தன. அவருடைய தந்தையார் இந்தியப் படையில் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரி. பிள்ளைகள் பதின்மருள் ராஸே மூத்தவர். எட்டாம் வயதில் அவர் கல்வியின்பொருட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பெற்று, வைட்டுத் தீவில் உறவினர் இல்லத்தில் வளர்ந்தார்.

இளமையில் அவருடைய உள்ளம் பல கலைகளில் ஓடிற்று. கவிதை புனைவதும், இசை பயில்வதும், ஓவியம் தீட்டுவதும் அவருக்கு உவப்பளித்தன. பள்ளியில் கணிதத்திற்கெனப் பரிசு ஒன்றும் பெற்றார். பரிசாகக் கிடைத்த நூல் வானத்துக் கோள்களைப் பற்றியது. அந்நூலே கணிதத்தின்பால் அவருக்கு ஆர்வத்தை ஊட்டியது.

எழுத்தாளராக விளங்கவேண்டும் என்பது மகனின் விருப்பம். மருத்துவம் பயின்று இந்திய மருத்துவப் பணியில் அமரவேண்டும் என்பது தந்தையின் விருப்பம். தந்தையின் சொல்லைத் தட்டாது ராஸ் 1874ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஆயினும், மருத்துவப் பாடங்களைக் காட்டிலும் கவிதையிலும் இசையிலுமே அவருடைய பொழுது மிகுதியாகக் கழிந்தது. தேர்வு ஒன்றில் தவறியபின், அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து செல்லும் கப்பல்களில் மருத்துவராகச் சிலகாலம் உழைத்தார். பின்னர் 1881ஆம் ஆண்டில் தேர்ச்சிபெற்று, இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார்.

சென்னையும் பெங்களூரும்

சென்னையில் அவருக்கு அலுவல் மிகுதியாக இல்லை. கிடைத்த ஓய்வை அவர் வீண்போக்கவில்லை. கணித நூல்களைத் தேடிப்பெற்று, ஆசிரியர் துணையின்றித் தாமே கற்றார். இவ்வாறு தனியே அமர்ந்து கற்ற கணிதம் பிற்காலத்தில் மக்களின் உயிரைக் காக்கும் கருவியாகும் என்று அப்பொழுது அவரே எண்ணியிருக்கமாட்டார்.

1883ஆம் ஆண்டில் அவர் பெங்களூரில் படை மருத்துவராக இருந்தார். அவர் தங்கியிருந்த இல்லத்தில் கொசுத்தொல்லை பெரிதாக இருந்தது. கொசுக்கள் எங்கிருந்து வருகின்றன என்று அவர் நோக்கினார். பலகணியின் அருகே நீர் நிறைந்த தொட்டி ஒன்று இருந்தது. அதனுள் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. தொட்டியைக் கவிழ்த்து நீரைக் கொட்டினார். கொசுக்களும் குறைந்தன. உடனே தம்முடன் பணியாற்றிய படையதிகாரி ஒருவரிடம் சென்று, ஏனைய தொட்டிகளையும் பூச்சாடிகளையும் இவ்வாறே செய்யலாமே என்று வேண்டினார். அவ்வதிகாரியோ, கொசுவும் இயற்கையின் படைப்பே என்றும், அதனைப் பொறுத்துக்கொள்வதே முறை என்றும் கூறி மறுத்துவிட்டார்.

இச்சிறு நிகழ்ச்சி ராஸின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. தொட்டியைக் கவிழ்ப்பது எளிது. தொட்டியைக் கவிழ்க்கவேண்டும் என்று மற்றவரை உணரச் செய்வது அரிது. அவருடைய வாழ்நாள் முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையே நடந்த போராட்டம் என்றே கூறலாம்.

கொசுவும் காய்ச்சலும்

அக்காலத்தில் மலேரியாவின் காரணம் எவருக்கும் விளங்கவில்லை. சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே அதனை உண்டாக்குவதாக மக்கள் நம்பினர். மலேரியா என்னும் சொல்லுக்குக் கெட்ட காற்று என்பதே பொருள். 1880ஆம் ஆண்டில் லாவெரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர், நோயாளியின் குருதியில் நுண்ணிய ஒட்டுண்ணி ஒன்று வாழ்வதைக் கண்டார். ஆனால் அது ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்குச் செல்லும் வழி தெரியவில்லை.

1894ஆம் ஆண்டில் ராஸ் விடுமுறையில் இலண்டன் சென்றபோது, பாட்ரிக் மான்சன் என்னும் மருத்துவ அறிஞர் லாவெரான் கண்ட ஒட்டுண்ணியை நுண்ணோக்கியின்கீழ் அவருக்குக் காட்டினார். கொசுவுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருத்தல்கூடும் என்ற தம் கருத்தையும் தெரிவித்தார். அக்கருத்தையே ஒளிவிளக்காகக் கொண்டு 1895ஆம் ஆண்டில் ராஸ் இந்தியாவுக்குத் திரும்பி, செகந்தராபாத்தில் ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

ஈராண்டுகள் உழைத்தும் பயன் கிட்டவில்லை. கொசுவில் பல இனங்கள் உண்டு என்பதும், அவற்றுள் சில மட்டுமே மலேரியாவைச் சுமக்கும் என்பதும் அவருக்குத் தெரியாது. எனவே தவறான இனங்களையே திரும்பத் திரும்ப அறுத்து ஆராய்ந்தார். இடையே, காலரா பரவியதனால் பெங்களூருக்கு மாற்றப்பெற்றார். 1897ஆம் ஆண்டில் உதகமண்டலம் சென்று, நீலகிரி மலையின் அடியிலுள்ள சீகூர்ப் பகுதியில் ஆராய்ந்தபோது, தாமே மலேரியாவுக்கு ஆளாகித் துன்புற்றார். எனினும் முயற்சியைக் கைவிட்டாரில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் செகந்தராபாத்தில் கடும் வெப்பம். விசிறி அசைந்தால் கொசுக்கள் பறந்துவிடும் என்று விசிறியையும் நிறுத்திவிட்டுப் பணியாற்றினார். நெற்றி வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகாணிகள் துருவேறின. கண்வைத்து நோக்கும் கண்ணாடியிலும் விரிசல் விழுந்திருந்தது. அந்நிலையில், புள்ளியிட்ட சிறகுடைய அனாபிலிஸ் என்னும் இனத்துக் கொசுக்கள் சில அவருக்குக் கிடைத்தன. உசேன் கான் என்னும் நோயாளியைக் கடிக்கச் செய்து, அக்கொசுக்களை நாள்தோறும் ஒவ்வொன்றாக அறுத்து நோக்கினார். ஆகஸ்டு 20ஆம் நாள், எஞ்சியிருந்த கொசுக்களுள் ஒன்றின் இரைப்பைச் சுவரில், கரிய துகள்களைக் கொண்ட வட்டமான அணுக்களைக் கண்டார். மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் உடலில் வளர்கின்றது என்பது அன்று தெளிவாயிற்று.

வெற்றியின் வாயிலை அடைந்த வேளையில், மலேரியா அருகிக் காணப்படும் கெர்வாரா என்னும் இடத்திற்கு அவரை மாற்றினர். மான்சன் முதலியோர் முயற்சியால் 1898ஆம் ஆண்டில் அவர் கல்கத்தா சென்று ஆராய்ச்சியைத் தொடர வாய்ப்புப் பெற்றார். அங்கே மற்றோர் இடையூறு காத்திருந்தது. பிளேக்கு நோயைப் பற்றிய அச்சம் நாடெங்கும் பரவியிருந்த காலம் அது. தடுப்பூசி குத்த வருகின்றனர் என்று அஞ்சி, மக்கள் மருத்துவரைக் கண்டாலே ஒதுங்கினர். குருதி சோதிக்க விரல்நுனியைக் கொடுக்கவும் மறுத்தனர். நோயின் போக்கை நோயணு மட்டுமன்றி மக்களின் மனமும் மாற்றும் என்பதை ராஸ் அங்கே கண்கூடாகக் கண்டார்.

மனிதர் கிடைக்காமையால் பறவைகளை நாடினார். பறவைகளுக்கும் ஒருவகை மலேரியா உண்டு. முகம்மது பக்சு என்னும் உதவியாளர் துணையுடன் உழைத்து, அவ்வாண்டு ஜூலை மாதத்தில் ஒட்டுண்ணிகள் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதைக் கண்டார். கொசு கடிக்கும்போது உமிழ்நீரோடு அவை குருதியிற் கலக்கின்றன. மறைந்து கிடந்த வழி முழுவதும் இவ்வாறு வெளிப்பட்டது. அதே ஆண்டில் இத்தாலிய அறிஞராகிய கிராசியும் அவருடைய தோழர்களும், மனித மலேரியாவும் அனாபிலிஸ் கொசுவினாலேயே பரவுகின்றது என்று மெய்ப்பித்தனர். இருவருள் யார் முந்தியவர் என்ற பூசல் நெடுங்காலம் நீடித்தது. ராஸ் அப்பூசலில் கடுமையாகவே வாதிட்டார் என்பதும் வரலாறு. 1902ஆம் ஆண்டில் மருத்துவத்திற்குரிய நோபல் பரிசு ராஸுக்கு வழங்கப்பெற்றது.

எழுந்த ஐயம்

1899ஆம் ஆண்டில் ராஸ் இந்தியப் பணியை விடுத்து, லிவர்ப்பூல் நகரின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆசிரியரானார். நோயின் வழி தெரிந்தபின் அதனை அடைப்பதே கடமை என்று கருதி, ஆப்பிரிக்காவின் சியரா லியோன் நாட்டிற்குச் சென்றார். 1902ஆம் ஆண்டில் சூயசுக் கால்வாய்க் கரையில் உள்ள இசுமாயிலியா என்னும் நகருக்குச் சென்று அறிவுரை வழங்கினார். அந்நகரத்தார் குட்டைகளைத் தூர்த்தனர்; தேங்கிய நீரின்மேல் எண்ணெய் தெளித்தனர்; வீடுதோறும் கழிவுநீர்த் தொட்டிகளைக் கண்காணித்தனர். அவ்வாண்டில் ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல் மலேரியாவால் வருந்தினர். அடுத்த ஆண்டில் அத்தொகை இருநூற்றுச் சொச்சமாக இறங்கியது.

ஆனால், எல்லா இடங்களிலும் இத்தகைய வெற்றி கிட்டவில்லை. இலாகூரை அடுத்த மியான் மீர் என்னும் படைவீட்டில் கொசு ஒழிப்பு முயற்சி நடைபெற்றது. அங்கே கால்வாய்களும் குட்டைகளும் சீர்செய்யப்பட்ட பின்னரும் கொசுக்கள் தென்பட்டன, நோயும் நீங்கவில்லை. இதனைக் கண்ட அதிகாரிகள் பலர், உலகிலுள்ள கொசுக்களை எல்லாம் எவராலும் ஒழிக்க இயலாது என்றும், ஒழிக்க இயலாதபோது சிலவற்றைக் குறைத்துப் பயனில்லை என்றும், ஓரிடத்தைத் தூய்மை செய்தால் வெளியிலிருந்து கொசுக்கள் வந்து நிரம்பிவிடும் என்றும் கூறினர். மியான் மீரில் எடுத்துக்கொண்ட பரப்பும் காலமும் போதா என்று ராஸ் வாதிட்டார்.

இந்த ஐயத்தை எளிதாக எண்ணுதல் கூடாது. அதிகாரிகளின் கருத்தே மெய்யானால், ஏழை நாடுகளுக்கு விடிவே இல்லை. மெய்யன்று எனின், அதனை உணர்ச்சிச் சொற்களால் மறுத்தல் போதாது; அளந்து காட்டவேண்டும். சென்னையில் தனியே கற்ற கணிதம் இங்கேதான் ராஸுக்குக் கைகொடுத்தது.

கணக்குக் காட்டிய வழி

முதலில் அவர் கொசுவின் பயணத்தைக் கணக்கிட்டார். 1904ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் கூடிய அறிஞர் பேரவையில் அதனை விளக்கினார். கொசு ஓரிடத்தை நோக்கி நேராகச் செல்லும் வழிப்போக்கன் அன்று. மேய்ச்சல் நிலத்தில் திரியும் ஆட்டுக்குட்டியைப் போல அங்குமிங்கும் அலைவது. எனவே அதன் பயணத்திற் பெரும்பகுதி பிறந்த இடத்தைச் சுற்றியே கழிகின்றது. தூய்மைசெய்த நிலத்தின் எல்லைக்கோட்டில் நிற்பவரிடம் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே கொசுக்கள் வரும். ஆதலால் அங்கே அவற்றின் தொகை ஏறக்குறையப் பாதியாகும். உள்ளே செல்லச் செல்ல மேலும் குறையும். இவ்வாறு, வெளியிலிருந்து வந்து நிரம்பிவிடும் என்ற வாதம் கணக்கினால் தளர்ந்தது.

அடுத்து, கொசுக்களைக் குறைத்தால் மட்டும் போதுமா என்னும் வினாவை எடுத்துக்கொண்டார். இந்தியத் தொழிலாளரும், அவர்களுள் தமிழரும், பெருந்தொகையினராகக் குடியேறிய மொரீசியசுத் தீவில் 1866, 1867ஆம் ஆண்டுகளில் மலேரியா பெருங்கொள்ளையாகப் பரவி எண்ணற்ற உயிர்களைக் கவர்ந்திருந்தது. அதன்பின்னும் அத்தீவை விட்டு அந்நோய் அகலவில்லை. அங்கே நிலைமையை ஆராய ராஸ் அழைக்கப்பெற்றார். 1908ஆம் ஆண்டில் அவர் அளித்த அறிக்கையிலும், பின்னர் எழுதிய மலேரியாத் தடுப்பு நூலிலும் தம் கணக்கை விரித்துரைத்தார்.

அக்கணக்கின் நெறியை ஓர் எடுத்துக்காட்டால் அறிவோம். ஓர் ஊரில் 1,000 பேர் வாழ்கின்றனர். அவருள் ஒருவரே நோயாளி. ஒரு திங்களில் அவ்வூரில் 48,000 அனாபிலிஸ் கொசுக்கள் உள்ளன என்க. அவற்றுள் நான்கில் ஒன்றுக்கே மனிதரைக் கடிக்கும் வாய்ப்புக் கிடைப்பதாகக் கொண்டால், கடிப்பவை 12,000. ஆயிரம் பேருக்கும் சமமாகப் பங்கிட, நோயாளியைக் கடிப்பவை 12. உண்ட ஒட்டுண்ணி கொசுவின் உடலில் முதிர்ந்து உமிழ்நீரை அடையச் சில நாட்கள் செல்லும். அதுவரை மூன்றில் ஒன்றே உயிரோடிருக்குமாயின், எஞ்சுபவை 4. அவற்றுள் நான்கில் ஒன்று மீண்டும் ஒரு மனிதரைக் கடிக்குமாயின், நோயைத் தருவது ஒரே கொசு. ஆக, ஒரு நோயாளியால் ஒரு புதிய நோயாளி உண்டாகின்றார்.

பழைய நோயாளி ஒரு திங்களில் நலமடைகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவர் போன இடத்தில் புதியவர் ஒருவர் வந்தமர்வதால், நோய் வளர்வதுமில்லை, தேய்வதுமில்லை. கொசுக்கள் 96,000 ஆனால், ஒருவரால் இருவர், இருவரால் நால்வர், நால்வரால் எண்மர் என நோய் பெருகிக்கொண்டே போகும். கொசுக்கள் 24,000 ஆனால், நூறு நோயாளிகளால் ஐம்பது பேரும், ஐம்பது பேரால் இருபத்தைந்து பேருமாக நோய் தேய்ந்து, முடிவில் இல்லாதொழியும்.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்கவேண்டும். நோய் ஒழிந்த பின்னரும் அவ்வூரில் கொசுக்கள் இருக்கின்றன. ஒன்றல்ல, இரண்டல்ல, 24,000 கொசுக்கள் பறந்துகொண்டிருக்கின்றன. எனினும் நோயின் சங்கிலி அறுந்துவிட்டது. ஆகவே, நோயை ஒழிக்கக் கொசுக்களை எல்லாம் ஒழிக்கவேண்டுவதில்லை. ஓர் எல்லைக்குக் கீழே குறைத்தால் போதும். இதுவே ராஸ் கண்ட பேருண்மை. எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று சோர்ந்திருந்தவர்களுக்கு அவர் அளித்த விடையும் இதுவே.

இனி, கொசுவலையின் பயனைக் காண்போம். நோய் இரட்டித்துப் பெருகும் அந்த 96,000 கொசுக்கள் உள்ள ஊரையே எடுத்துக்கொள்வோம். மக்கள் கொசுவலைக்குள் உறங்கியும், பலகணிகளுக்கு வலையடித்தும், கடிக்கும் கொசுவை நான்கில் ஒன்றிலிருந்து எட்டில் ஒன்றாகக் குறைக்கின்றனர். அப்பொழுது கடிப்பவை 12,000. நோயாளியைக் கடிப்பவை 12. உயிர் தாங்கி எஞ்சுபவை 4. அவற்றுள் மீண்டும் கடிப்பது எட்டில் ஒன்று. ஆகவே நோயைத் தருவது சராசரியாக அரைக் கொசுவே. இருவருக்கு வரவேண்டிய நோய் அரைப் பங்காகிவிட்டது. கடியைப் பாதியாகக் குறைத்தோம். நோயோ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. காரணம் யாதெனில், நோய் பரவக் கொசு இருமுறை கடிக்கவேண்டும்: நோயாளியிடமிருந்து ஒட்டுண்ணியைப் பெற ஒருமுறை, மற்றொருவருக்கு அதனைத் தர ஒருமுறை. கொசுவலை இவ்விரண்டு வாயில்களையும் ஒருசேர அடைக்கின்றது.

தேங்கிய நீரை அகற்றுவது கொசுவின் தொகையைக் குறைக்கும். வலைக்குள் உறங்குவது கடியைக் குறைக்கும். கொயினா மருந்தை முறையாக உண்பது நோயாளியின் நோய்க்காலத்தைக் குறைக்கும். இம்மூன்றும் மக்களின் கையில் உள்ளவை. அவர்களுடைய பழக்கவழக்கங்களே அக்கணக்கின் எண்களாக அமைகின்றன. பழக்கம் மாறினால் எண் மாறும். எண் மாறினால் ஊரின் விதியும் மாறும்.

தொடர்புடைய நிகழ்ச்சிகள்

மலேரியாவுக்குக் கண்ட இக்கணக்கை எல்லாத் தொற்றுநோய்களுக்கும் விரிக்க ராஸ் விரும்பினார். 1916ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் தம் கொள்கையை எழுதினார். அடுத்த ஆண்டில் இல்டா அட்சன் என்னும் கணிதப் பெண்மணியாரின் துணையுடன் அதனை மேலும் வளர்த்தார்.

மக்களுக்கு நேரும் நிகழ்ச்சிகளை அவர் இருவகையாகப் பிரித்தார். ஒருவன் கால் இடறி விழுந்தால், அதனால் பக்கத்து வீட்டுக்காரன் விழுவதில்லை. இத்தகையவை தனித்த நிகழ்ச்சிகள். தொற்றுநோயோ அவ்வாறன்று. ஒருவனுக்கு அது வரும் வாய்ப்பு, ஏற்கெனவே எத்தனை பேருக்கு வந்துள்ளது என்பதைப் பொறுத்தது. இவை தொடர்புடைய நிகழ்ச்சிகள். ஆகவே தொற்றுநோயில் என் உடல், என் விருப்பம் என்று எவரும் தனித்து நிற்க இயலாது. ஒருவர் தம்மைக் காத்துக்கொள்ளும்போது, தாம் கண்டறியாத பலரையும் காக்கின்றார். ஒருவர் அசட்டையாக இருக்கும்போது, தாம் கண்டறியாத பலருக்கும் தீங்கு செய்கின்றார். அறநூலோர் அன்பின் வழியாகக் கூறும் இவ்வுண்மையை ராஸ் சமன்பாடுகளின் வழியாகக் காட்டினார்.

அவர் ஏற்றிய விளக்கிலிருந்து வேறு விளக்குகளும் ஒளிபெற்றன. 1901ஆம் ஆண்டில் அவருடன் சியரா லியோன் சென்ற இளம் மருத்துவர் மக்கெண்ட்ரிக் என்பவர், பின்னர் இந்தியாவில் கசௌலியில் பணியாற்றி, எடின்பரோ நகருக்குச் சென்றார். அங்கே, ஆய்வுக்கூட விபத்தில் கண்பார்வை இழந்த கெர்மாக் என்னும் அறிஞரோடு சேர்ந்து, 1927ஆம் ஆண்டில் தொற்றுநோய்க் கணிதத்தை மேலும் விளக்கினார். 1905, 1906ஆம் ஆண்டுகளில் பம்பாய் நகரில் பிளேக்கினால் மாண்டவரின் எண்ணிக்கையோடு தம் கணக்கை அவர்கள் ஒப்பிட்டுக் காட்டினர். நோய்க்கு இரையாகக்கூடியவரின் தொகை ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால், எஞ்சியோர் அனைவரையும் தீண்டாமலே கொள்ளைநோய் தணிந்துவிடும் என்பது அவர்கள் கண்ட முடிபு.

எல்லையைப் பற்றிய இவ்வுண்மைக்கு மறுபக்கமும் உண்டு. நோய் குறைந்தவுடன் மக்கள் காவலைத் தளர்த்தினால், எண்கள் மீண்டும் எல்லையைக் கடந்துவிடும். இலங்கையில் அரும்பாடுபட்டு உழைத்ததன் பயனாக, 1963ஆம் ஆண்டில் மலேரியா கண்டவர் பதினேழே பேர். வெற்றி கிட்டிவிட்டதென்று மருந்து தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1968, 1969ஆம் ஆண்டுகளில் அந்நோய் பல இலட்சம் பேரைப் பற்றியது. பின்னர் அந்நாட்டார் பல்லாண்டுகள் விடாது முயன்றனர். 2016ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக நல நிறுவனம் அறிவித்தது.

2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்தபோதும், அரசுகள் இக்கணித முறையையே நாடின. அந்நோய்க்குக் கொசு வேண்டுவதில்லை. மூச்சும் பேச்சுமே போதும். எனவே ஒருவர் நாள்தோறும் எத்தனை பேரைச் சந்திக்கின்றார், எத்துணை நெருங்கி நிற்கின்றார், முகத்தை மூடியுள்ளாரா என்பனவே கணக்கின் எண்களாயின. அச்சம் மிகுந்தபோது மக்கள் இல்லத்தில் தங்கினர், நோய் தணிந்தது. அச்சம் நீங்கியதும் கூடிக் கலந்தனர். நோய் மீண்டும் எழுந்தது. நோய் மக்களின் நடத்தையை மாற்றுகின்றது. மக்களின் நடத்தை நோயை மாற்றுகின்றது. இவ்விரண்டையும் ஒருங்கே கணக்கிடும் துறை இன்று பெரிதும் வளர்ந்துள்ளது. அதற்குக் கால்கோள் செய்தவருள் முதல் வரிசையில் நிற்பவர் ராஸ் ஆவார்.

இறுதி நாட்கள்

ராஸுக்கு 1911ஆம் ஆண்டில் சர் பட்டம் வழங்கப்பெற்றது. புகழ் வந்ததே அன்றி வாழ்வில் துன்பம் நீங்கவில்லை. முதல் உலகப்போரில், 1914ஆம் ஆண்டிலேயே அவர் தம் மூத்த மகனைப் போர்க்களத்தில் இழந்தார். அத்துயரைத் தாங்கிக்கொண்டு, போர்வீரர்களை மலேரியாவிலிருந்து காக்கும் பணியில் ஈடுபட்டார். கவிதையும் புதினமும் எழுதும் பழக்கத்தையும் அவர் இறுதிவரை விடவில்லை. 1926ஆம் ஆண்டில் அவர் பெயரால் இலண்டனில் ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பெற்றது. அந்நிலையத்திலேயே 1932ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 16ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் கொசுவின் இரைப்பையில் ஒட்டுண்ணியைக் கண்ட ஆகஸ்டு 20ஆம் நாள் உலகக் கொசு நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

எனினும், அவர் தொடங்கிய பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய ஆறு இலட்சம் பேர் மலேரியாவால் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் ஆப்பிரிக்க நாடுகளின் இளங்குழந்தைகள்.

நம் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் உடைந்த பானையைக் கவிழ்த்து வைப்பதனால் நாட்டின் நோய் நீங்கிவிடுமா என்று நாம் எண்ணக்கூடும். பெங்களூரில் அந்தப் படையதிகாரியும் ஏறக்குறைய அவ்வாறே எண்ணினார். ஒரு பானையால் நீங்காது என்பது மெய்யே. ஆனால் நோய்க்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை நோக்கிய வழியில் நம் பானையும் ஒரு படியாகும். சிறுதுளி பெருவெள்ளம் என்பது நம் முன்னோர் மொழி. சிறுதுளியை அகற்றினால் பெருநோயும் அகலும் என்பது ராஸ் கண்ட கணக்கு. முழுவதும் இயலாதென்று சோர்ந்திராமல், இயன்ற அளவு முயல்வோமாக. நம்மைக் காப்பதன் வாயிலாக நம் ஊரையும் காப்போமாக.